இறவாரத்தின் அறம்

வீட்டுக் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, மழைநீர் சுவரில் படாமல் காக்கும் விளிம்பு இறவாரம் எனப்படும். அதன் நிழல் வீட்டுக்கு உரியதா, வீதிக்கு உரியதா என்பது உடைமையின் எல்லை பற்றிய அறவியல் வினாவும் ஆகும்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் பொங்கலுக்கு முந்திய நாளில் காப்புக் கட்டும் வழக்கம் உண்டு. வெண்கதிர் பூத்த சிறுபீளையோடு ஆவாரம்பூவையும் வேப்பிலையையும் சேர்த்துக் கொத்தாக்கி, ஓட்டுவீடுகளில் அதனை இறவாரத்தில் செருகுவர். காப்பு என்பது தீங்கு அணுகாதபடி இடப்படும் வேலி. ஆயினும் அது செருகப்படும் இடமோ, மழைக்கு ஒதுங்குபவரும் வெயிலுக்கு இளைப்பாறுபவரும் எவரையும் கேளாமல் வந்து நிற்கும் இடம். தீமையை விலக்கும் எல்லையே மனிதரை ஏற்கும் எல்லையாகவும் அமைவதில்தான் இவ்வழக்கத்தின் ஆழம் இருக்கிறது.

வைணவ மரபும் இவ்வுண்மையைப் போற்றுகிறது. திருக்கோவலூரில் ஒரு மழையிரவில், வாயிலை அடுத்த குறுகிய வழியாகிய இடைகழியில், ஒருவர் படுக்கவும் இருவர் அமரவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடமிருக்க, பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்றபோது, இறைவன் நான்காமவனாக வந்து அவர்களை நெருக்கினான் என்பது அம்மரபின் நம்பிக்கை. அயலாருக்கு இடம் விட்டு ஒடுங்கியவர்களுக்கே அவன் தோன்றினான் என்பது இங்கு எண்ணத்தக்கது.

காங்கிரீட் வீடுகள் பெருகிய இந்நாளில் காப்பு நிலைவாசலுக்கு இடம் மாறியுள்ளது. ஒதுங்க வருபவருக்கு ஒரு சாண் நிழலும் அங்கே விடப்படுமானால், அக்காப்பின் பொருள் நிறைவுறும்.