தலையணைமேல் வைக்கும் பணம்

உம்ராவுக்குப் புறப்படும் சகோதரர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இஹ்ராம் துணி, இருமல் மருந்து, செருப்புப் பை பற்றித்தான். அண்மையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. ஹோட்டல் அறையைக் கூட்டித் துடைக்கும் சிப்பந்திக்கு ஏதேனும் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் அது சதக்காவா, கூலியா, அல்லது லஞ்சமா?

ஐந்து ரியால் சங்கதிதானே என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். நம் வெள்ளிக் கணக்கில் அது இரண்டு வெள்ளிக்கும் குறைவு. ஆனால் கேட்பவர்கள் கஞ்சத்தனத்தால் கேட்கவில்லை. கொடுக்கும் பணம் எந்த நிய்யத்தில் போகிறது என்று அறிய விரும்புகிறார்கள். அது நல்ல கேள்வியே.

கொடுக்க வேண்டாம் என்பாருக்கும் நியாயம் உண்டு. அறை வாடகையில் துப்புரவும் அடக்கம். சம்பளம் கொடுப்பது ஹோட்டல்காரன் கடமை. சிங்கப்பூர் உணவகத்தில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே ஏறிவிடுவதால், அதற்குமேல் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. (அந்தப் பணம் பரிமாறியவர் கைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை என்பதைப் பலர் அறியார்.) ஜப்பானில் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கவே மாட்டார்கள். ஆகவே ஊர் வழக்கத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

லஞ்சம் என்று அஞ்சுவோர் மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டினார். தம் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. அந்த மனிதருக்கு மக்கள்மீது அதிகாரம் இருந்தது. அறை துடைப்பவருக்கு நம்மீது என்ன அதிகாரம்? நாம் கவுண்டரில் ஒரு வார்த்தை குறை சொன்னால் அவர் வேலை போகும். அதிகாரம் முழுவதும் நம் பக்கமே இருக்கிறது.

ஆயினும் அந்த அச்சம் முற்றிலும் வீண் அல்ல. நம்முடன் வந்த குழுவில் ஒருவர் முதல் நாளே 50 ரியாலை நீட்டி, தம் அறையை முதலில் முடிக்கச் சொன்னார், துவாலைகளும் கூடுதலாகக் கேட்டார். அன்று அதே மாடியில் தனியாக இருந்த ஒரு மூதாட்டியின் அறைக்கு அஸர் கழிந்தும் ஆள் வரவில்லை. அவர் கொடுத்ததை இனாம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பிறருடைய முறையை அவர் விலைக்கு வாங்கினார்.

நிற்க. பிறரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடலாகாது. மதீனாவில் ஒன்பது நாள் தங்கியிருந்தபோது நாம் எதுவும் கொடுக்கவில்லை. புறப்படும் நாளில் மொத்தமாகக் கொடுக்கலாம் என்பது நம் திட்டம். அன்று காலை வந்த வங்காள தேசத்து இளைஞரின் கையில் 50 ரியாலைத் திணித்தோம். நம் தோழர் ஒருவர் அதைப் படமும் எடுத்தார். இளைஞர் படம் முடியும்வரை சிரித்துக்கொண்டு நின்றுவிட்டு, அரைகுறை மலாயில், "ஹாஜி, நான் இந்த மாடிக்கு இன்றுதான் வந்தேன். முன்பு செய்தவரை வேறு கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள்" என்றார். ஒன்பது நாள் நம் அழுக்குத் துணியை ஒதுக்கி, குளியலறையைக் கழுவியவரின் முகம்கூட நமக்குத் தெரியாது.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டி தருமத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்பகறா சூராவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆயத்து நினைவுக்கு வந்தது. பிறகு அழித்துவிட்டோம்.

அடுத்த பயணத்தில் தினமும் காலையில் ஐந்து ரியாலைத் தலையணைமேல் வைத்தோம். இரண்டு நாள் அது தொடப்படவே இல்லை. படுக்கையை விரித்து, பணத்தை மடிப்புக் கலையாமல் மேசைமேல் வைத்திருந்தார்கள். வேண்டாம் என்கிறாரோ என்று முதலில் நினைத்தோம். விருந்தாளியின் பணத்தை எடுத்தான் என்ற பழி வந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு தாளில் "ஹாதா லக, ஷுக்ரன்" என்று அரபியில் எழுதி, உடன் வைத்தோம். இது உமக்குரியது, நன்றி என்று பொருள். அவருக்கு அரபுப் பேச்சு அவ்வளவாக வராது. ஆனால் நம்மைப்போல் குர்ஆன் ஓதிப் பழகியவர், எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். பணம் எடுக்கப்பட்டது. தாளையும் கொண்டுபோயிருந்தார். யாராவது கேட்டால் காட்டுவதற்கு என்று பின்னர் அவரே சொன்னார். ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்றும் சொன்னார். ரஜூலா கப்பலில் வந்து இறங்கிப் பிறர் கடையில் மூட்டை தூக்கிய நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அரபியர் இதற்கு இக்ராமிய்யா என்கிறார்கள். கண்ணியப்படுத்துதல் என்ற சொல்லின் அடியாகப் பிறந்தது அது. நம் தமிழில் வழங்கும் இனாம் என்ற சொல்லும் அரபியிலிருந்து வந்ததே. இதை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று ஒரு வியாபாரி நம்மிடம் கேட்டார். செய்த வேலைக்குப் பதிலாகக் கொடுப்பதை எப்படி ஐயா ஜகாத் என்பது? தம் கையிலிருந்து இரண்டு வெள்ளி போவதற்கு அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பேச்சும் உண்டு: நாம் கொடுத்துப் பழக்கினால் முதலாளி சம்பளத்தை உயர்த்த மாட்டான் என்பது. இதை எளிதில் தள்ள முடியாது. 2014ல் அமெரிக்காவின் பெரிய ஹோட்டல் கம்பெனி ஒன்று அறைகளில் இனாம் உறைகளை வைத்தபோது, சம்பளத்தை உயர்த்தாமல் விருந்தாளியிடம் கை நீட்டுவதா என்று பலர் கண்டித்தார்கள். மலேசியாவில் ஊழியருக்குரிய சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பிக்கொள்ள ஹோட்டல்களுக்கு உரிமையில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2021ல் தீர்ப்பளித்தது. நாமும் முதலாளி என்பதால் அந்த ஆசை எப்படி வரும் என்பதை அறிவோம். ஆனால் முதலாளி செய்யும் தவறுக்காக இன்று காலை துடைத்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எந்த வகையில் நியாயம்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடையில் ஒரு வாடிக்கையாளரின் கார்வரை அரிசி மூட்டையைத் தூக்கிச் சென்ற பையனுக்கு அவர் இரண்டு வெள்ளி கொடுத்தார். "தம்பி, அதைக் கல்லாவில் போடு, கடை நேரத்தில் வந்த காசு" என்றோம். அவரும் "சரி முதலாளி" என்று போட்டார். மதீனாவில் அந்தத் தாளை எழுதியபோதுதான், இது உமக்குரியது என்ற சொல்லை அந்தப் பையனிடம் நாம் சொல்லாமல் போனது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து பார்த்தால் அவர் கடையை விட்டுப் போய்விட்டார். துவாஸ் பக்கம் வேலை பார்ப்பதாகக் கேள்வி. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.