பழைய வண்டியைத் திருத்துவோன் யாருக்குக் கடமைப்பட்டவன்?

பழம்பொருளொன்றைச் செப்பனிடப் புகுந்தவன் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது "எப்படிச் செய்வது?" என்பதன்று, "எதைக் காப்பாற்றப் போகிறேன்?" என்பதேயாகும். இது வித்துவான்களின் தருக்கத்துக்கு மட்டுமே உரிய விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். வீட்டுக் கொட்டகையில் பழைய மோட்டார் வண்டியொன்றைப் பிரித்துப் போட்டிருப்பவனோ இதற்குக் கையில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டே விடை கண்டாக வேண்டும். அவ்விடையை நம்பி நாளை அவனுடைய பிள்ளைகள் அவ்வண்டியில் ஏறி அமரப்போகிறார்கள்.

மாரிஸ் மைனர் என்னும் சிறு வண்டியை இந்நாட்டு முதியோரிற் பலர் நன்கறிவர். 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1971 வரை செய்யப்பெற்ற அவ்வண்டியே, பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரிட்டிஷ் மோட்டார் வண்டி. என் கொட்டகையில் நிற்பது 1959-ஆம் ஆண்டினது; 948 சி.சி. இயந்திரம் உடையது. ஆபீஸ் கணக்கை மூடிய பின் கிடைக்கும் மாலைப்பொழுதும், ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாண்டுகளாக அதற்கே செலவாகின்றன. என் வீட்டார் இதைப்பற்றிக் கொண்டுள்ள அபிப்பிராயத்தை இங்கே அச்சேற்ற வேண்டுவதில்லை.

இத்தகைய வண்டிகளைத் திருத்துவோரில் ஒரு சாரார், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அது இருத்தல் வேண்டும், ஒரு திருகாணியும் மாறலாகாது என்பர். செய்தவனுடைய கருத்துக்கு மதிப்புத் தருவதே தங்கள் நோக்கம் என்பது அவர் வாதம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால், செய்தவன் என்ன செய்தான் என்று பார்க்க வேண்டாமா? இவ்வண்டியை அமைத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கவிருந்த தறுவாயில், மாதிரி வண்டி மிகக் குறுகலாயிருப்பதாகக் கருதி, அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்து, அவ்வகலமே தக்கதென்று முடிவு செய்தார். முன்னமே செய்து குவித்துவிட்ட பம்பர்களையும் நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் துண்டு இணைத்தே முதல் வண்டிகளில் பூட்டினார்கள். இயந்திரமும் அவர் விரும்பியதன்று. அவர் புதிய அமைப்பிலொன்றை விரும்பினார். தொழிற்சாலையோ செலவு கருதித் தன்னிடமிருந்த பழைய 918 சி.சி. இயந்திரத்தையே பொருத்தியது. ஆக, "ஆதியில் இருந்தபடி" என்று நாம் கைகூப்பும் நிலை, வெட்டும் ஒட்டும் சமரசமும் கலந்த ஒரு நிலையே.

அன்றியும், ஒன்றும் மாற்றாதிருப்பது இயலாத காரியம். அக்காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு வந்தமரும் இடத்தை அது தேயாமற் காத்தது. இன்று பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் ஈயம் இல்லை. இயந்திரத்தின் தலையைக் கழற்றிக் கடினமான உலோக வளையங்களைப் பதியாவிட்டால், நாளடைவில் அவ்விடம் தேய்ந்து வால்வு சரிவர மூடாது. சூழ்நிலை மாறிவிட்டபடியால், அன்றுபோல் ஓடுவதற்கே வண்டி உள்ளே மாறவேண்டியிருக்கிறது.

மற்றொரு சாராரைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வெளித்தகரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய புது இயந்திரமும் அகன்ற சக்கரமும் பூட்டி, பழைமையை ஒரு முகமூடியாக அணிவோர் அவர். அது அவரவர் விருப்பம். ஆயினும் அதைப் பழைய வண்டியைக் காத்தல் என்று அழைப்பது எனக்கு உடன்பாடன்று.

பின் அளவுகோல்தான் யாது? ஓர் உறுப்பு கெட்டால் அதன் துன்பம் யாரைச் சேரும் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும் என்பதே என் துணிபு. 1961 வரை இவ்வண்டிகளில், திரும்பப்போவதைக் காட்டச் சிறு கைகாட்டி ஒன்று கதவுக்குப் பின்புறத்திலிருந்து நீளும். பார்க்க மிக அழகானது. ஆனால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞனுக்கு அது இன்னதென்றே தெரியாது. சைகை என்பது ஒரு மொழி. கேட்போருக்கு விளங்காத மொழியில் பேசிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கலாமா? ஆகவே கைகாட்டியை அப்படியே விட்டு, மின்னும் விளக்குகளையும் சேர்த்தேன். பிரேக்கும் அத்தகையதே. முன்சக்கரத்தில் இருந்தது 7 அங்குல டிரம். இயந்திரத்தை 1098 சி.சி. ஆக்கிய 1962-ல் தொழிற்சாலையே அதை 8 அங்குலமாக்கியது. எனக்கு முன்னே செல்லும் லாரி இன்றைய பிரேக்குடன் நிற்கிறது. நானும் அதற்குள் நின்றாக வேண்டும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பூட்டினேன். ஸ்டீயரிங் சக்கரம், இருக்கை, நடுவில் அமைந்த வேகமானி ஆகியவற்றைத் தொடவில்லை. அவற்றின் பழைமையால் சாலையில் எவர்க்கும் தீங்கில்லை.

இனி, இவை எல்லாவற்றினும் கடினமான இடத்துக்கு வருகிறேன். இவ்வண்டிக்குத் தனியே இரும்புச் சட்டம் கிடையாது. அடித்தட்டும் கதவின் கீழுள்ள பெட்டித் தகரமுமே அதன் முதுகெலும்பு. நம் நாட்டு மழையும் ஈரமும் முதலில் தின்பதும் அவ்விடத்தையே. துருப்பிடித்த பகுதியை வெட்டியெறிந்து புதுத் தகரம் பற்றவைக்க வாரக்கணக்கிலாகும். ஓட்டையில் செய்தித்தாளைத் திணித்து, மேலே புட்டி பூசித் தேய்த்து வர்ணம் அடித்துவிடவோ ஒரு பிற்பகல் போதும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. காந்தத்தை வைத்துப் பார்த்தால் புட்டியில் ஒட்டாது. ஆனால் வாங்குவோர் காந்தத்துடன் வருவதில்லை. எனக்கு வந்த வண்டியிலும் அவ்வாறே இருந்தது. சுரண்டச் சுரண்ட நைந்த காகிதம் வந்தது. தமிழ்ப் பத்திரிகையா என்று பார்த்தேன், எழுத்து அழிந்திருந்தது. அதைச் செய்தவர் இவ்வண்டி மோதினால் கதவு தாங்காது என்பதை அறியாதவர் அல்லர். பிரேக்கை மாற்றிய என்னைப் "பழைமைத் துரோகி" என்று ஏசும் அன்பர்கள், அப்பளபளப்பைக் கண்டு "அசல் மாறாத வண்டி" என்று புகழ்ந்திருப்பார்கள்!

வீட்டில் வேலை செய்வோனுக்கு மேற்பார்வையாளர் இல்லை. பற்றவைத்த விளிம்பின் உட்புறத்தில் துருத்தடுப்பு வர்ணம் பூசினானா என்பதை, மூடிய பின் அவனையன்றி எவரும் அறியார். முன்சக்கரத்தைத் தாங்கும் மரையிட்ட முட்டுக்கு நாள் தவறாமல் கிரீஸ் ஊட்டினானா என்பதும் அப்படியே. ஊட்டாவிடில் அது தேய்ந்து, ஒருநாள் கழன்று, சக்கரம் மடிந்து வண்டி சாலையில் மூக்குக் குத்தும். அன்று ஓட்டுபவன் அவனாகவே இருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை.

இதனால் நான் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறேன். வெட்டிய இடம், சேர்த்த தகரத்தின் கனம், மாற்றிய ஒவ்வோர் உறுப்பு, அதன் தேதி எல்லாம் அதில் உண்டு. வண்டி கைமாறும்போது புத்தகமும் உடன் போகும். கழற்றிய டிரம்களைக் கிரீஸ் தடவித் துணியில் சுற்றி ஒரு டின்னில் வைத்திருக்கிறேன். அவற்றைத் திரும்பப் பூட்ட விரும்புவோர்க்கு எந்தக் குழாயை எங்கே இணைப்பது என்பதைப் படத்துடன் கடைசிப் பக்கத்தில் எழுதியுள்ளேன்.