மாலை கழற்றும் நாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் தாம்பரம் – கடற்கரை மின்ரயிலில் செருப்பில்லாத கால்கள் பெருகிவிடும். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி, நெற்றியில் இன்னும் காயாத சந்தனம். விடியுமுன் பச்சைத்தண்ணீர்க் குளியல், தரையில் பாய், நாற்பத்தொரு நாள் கட்டுப்பாடு. ஜிஎஸ்டி சாலையோரத்து மழைச் சேற்றில் ஜல்லி குத்தினாலும் வாயில் வருவது ‘சாமி சரணம்’தான்.

போன தலைமுறைக்கு இது புண்ணியம். இப்போது வாட்ஸ்அப் வேறு விளக்கம் சொல்கிறது: பட்டினி உடம்பைப் புதுப்பிக்குமாம், அதைக் கண்டுபிடித்த ஜப்பான்காரர் நோபல் பரிசே வாங்கிவிட்டாராம். யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பெற்றது உண்மை. பட்டினி போட்ட ஈஸ்ட் செல்கள் தம் உள்ளிருப்பதையே செரித்து மறுபடி பயன்படுத்துவதை அவர் நுண்ணோக்கியில் பார்த்தார். ஏகாதசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை! ஆனாலும் அளவான சிரமம் உடம்பை உரமாக்கும் என்பதை மறுக்க முடியாது. உடற்பயிற்சி என்பதே அதுதானே.

அப்படியானால் கஷ்டம் தன்னளவிலேயே நல்லதா? இந்தக் கேள்விக்குத் தாம்பரத்திடம் ஒரு பழைய கதை இருக்கிறது.

அங்கே ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த காசநோய் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். திறந்தவெளி சிகிச்சையின் காலம் அது. பனிக்காலத்திலும் ஜன்னலைச் சாத்தமாட்டார்கள். குளிர்ந்த காற்று நோயாளியைத் தேற்றும் என்று நம்பினார்கள். 1917இல் அங்கே சேர்ந்தவர்களில் கணித மேதை ராமானுஜனும் ஒருவர். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பை இங்கிலாந்தின் குளிர் வாட்டி எடுத்தது. பழைய குறிப்புகளை ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர், ராமானுஜனுக்கு இருந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் எழுதினார். அவர் சொன்னது சரியென்றால் அத்தனை நடுக்கமும் வீண். 1920இல் சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்தார்.

அதே சேத்துப்பட்டில் 1956இல் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குச் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, செவிலியர் கவனிப்பு. மற்றவர்கள் நெரிசலான வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டபடி இருந்தார்கள். மருந்து மட்டும் இரு தரப்புக்கும் ஒன்று. 1959இல் வெளியான முடிவைப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. நோயாளியைத் தேற்றியது குளிரும் அல்ல, சொகுசும் அல்ல, மருந்து. சானடோரியங்களின் மவுசு அதற்குப் பிறகு குறையத் தொடங்கியது.

ஆகவே கஷ்டத்துக்கென்று தனிப் புனிதம் கற்பிக்கத் தேவையில்லை. கஷ்டத்தைப் போற்றும் சமயங்களே அதற்கு வேலி போட்டுத்தான் வைத்திருக்கின்றன. பல்லாவரத்தில் ரமலான் நோன்பு வைப்பவர் காய்ச்சலில் படுத்தால் நோன்பை விட்டு, பிறகு ஈடு செய்யலாம். பயணிக்கும் அதே சலுகை. கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்திக் கடமையை 59 வயதோடு நிறுத்திவிடுகிறது. புனித வெள்ளியன்று பரங்கிமலைப் படியேறும் பாட்டி வெறும் வயிற்றோடு இருந்தால் அது அவர் பிடிவாதம்! புத்தரோ எலும்பும் தோலுமாக வற்றிய பிறகு கடுந்தவத்தைக் கைவிட்டுப் பால்சோறு வாங்கி உண்டார். சபரிமலையின் நீலிமலை ஏற்றத்தில் சரணகோஷத்துக்கு நடுவே இதய சிகிச்சை மையமும் இருக்கிறது.

விரதத்தின் சூட்சுமம் மாலை கழற்றும் நாளில் இருக்கிறது. எப்போது முடியும் என்று தெரிந்து, தானே விரும்பி ஏற்றதால்தான் சாமிமார் முகத்தில் களை. உடம்பின் கணக்கும் இதுவே: தசை வலுப்பது பளு தூக்கும் நேரத்தில் அல்ல, பிறகு ஓய்ந்து கிடக்கும்போது.

ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நின்றபடி சேலை விரித்துக் காட்டும் பெண்ணின் வீங்கிய காலுக்கு அப்படியொரு நாள் குறிக்கப்படவில்லை. அவர் மாலை போட்டுக்கொண்டு நிற்கவில்லை, சம்பளத்துக்கு நிற்கிறார். அந்த நிற்றலை யாரும் தவம் என்று சொல்லிவிடக் கூடாது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி 2018இல் வென்றார்கள். தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தரவேண்டும் என்று முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது.