ஆய்வகத் தீயும் ஊழ்வினையும்

ஆய்வகத்தில் தீப்பிடித்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இறந்துபோனால், அது விதியா, கவனக்குறைவா என்ற பேச்சு எழுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் சொல்லியாக வேண்டும் என்று எடுத்துக்கொள்வதில்தான் இந்தப் பேச்சின் கோளாறு இருக்கிறது. விதியை முழுமனதாக நம்பிய மரபுகளே அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

எந்தச் செயலுக்கும் காரணங்கள் ஐந்து என்கிறது பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம்: செயல் நடக்கும் இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். வேதியியல் ஆய்வகத்துக்கென்றே எழுதியதுபோல் இந்த வரிசை பொருந்துகிறது. இடம் என்பது ஒரே வாசல் உள்ள அறை, உடைந்த மேசைகளை அடுக்கி வைத்த மாடிப்படி, பூட்டுப் போட்ட பின்கதவு. கருவிகளில் ஈதர் என்ற கரைப்பான் ஒன்றை எடுத்துக்கொண்டாலே போதும். தண்ணீரின் உறைநிலைக்கும் வெகு கீழே, சுமார் மைனஸ் 45 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பற்றும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு படர்ந்து, எங்கோ இருக்கும் பொறியைத் தேடிப் போகும். வீட்டு உபயோக ஃபிரிட்ஜில் ஈதர் புட்டியை வைத்தால் பொறி உள்ளேயே இருக்கிறது. மோட்டாரை இயக்கி நிறுத்தும் சுவிட்சே அதற்குப் போதும். இந்தியாவின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு (2016) தன் நான்காம் பகுதி முழுவதையும் தீக்கும் உயிர்ப் பாதுகாப்புக்குமே ஒதுக்கியிருக்கிறது. கீதையின் முதல் நான்கு காரணங்களைப் பற்றிய நூல் என்றே அதைச் சொல்லலாம். ஐந்தாவதைப் பற்றி அது பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

கொங்கு நாட்டுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. விசைத்தறி ஊரான சோமனூரைச் சுற்றிலும், கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளிலும் பஞ்சில் தீப்பிடிப்பது பழகிப்போன ஆபத்து. பொதியோடு வந்த இரும்புத் துண்டு, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் சுழலும் அடிப்பானில் பட்டால் பொறி கிளம்பும். அதனால்தான் பஞ்சு போகும் வழியில் காந்தம் வைக்கிறார்கள். மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும் அதே மில்காரர்தான் காந்தத்தையும் மாட்டுகிறார். ஒன்று மற்றொன்றுக்கு இடைஞ்சல் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. வருமுன் காக்காதவனின் வாழ்க்கையை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிடும் குறளும், ஊழைவிட வலியது எது என்று கேட்கும் குறளும் ஒரே நூலில் இருப்பதும் இப்படித்தான்.

கேள்வியின் நுட்பமான பகுதியைச் சிலப்பதிகாரத்தில் காணலாம். அந்தக் காப்பியத்துக்குச் சிறந்த உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கொங்கு மண்டலத்து நிரம்பையைச் சேர்ந்தவர். ஊழ்வினை தன் பயனைத் தந்தே தீரும் என்பதும், ஆட்சியில் தவறியவர்க்கு அறமே கூற்றாகும் என்பதும் காப்பியத்தின் பதிகத்தில் தனித்தனிச் செய்திகளாகவே சொல்லப்படுகின்றன. கோவலன் கொலைக்கும் இரண்டு விளக்கங்கள் உண்டு. முற்பிறவியில் அவன் பரதன் என்ற பெயரில் வாழ்ந்தபோது, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்லச் செய்தான். அந்த வினையே இப்போது வந்தது என்பது ஒன்று. கோவலனே கள்வன் என்ற பொற்கொல்லனின் சொல்லை நம்பி, விசாரிக்காமல் பாண்டிய மன்னன் ஆணையிட்டான் என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தைச் சொல்வது மதுராபதித் தெய்வம். கேட்பவள் கணவனை இழந்த கண்ணகி. பாண்டியன் அதைச் சொல்வதே இல்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், பிழை தன்னுடையது என்று ஏற்று மயங்கி வீழ்ந்து உயிர்விடுகிறான். ஆக, வினை என்ற சொல் இழந்தவருக்கு ஆறுதலாக இருக்கலாம். பொறுப்பில் இருந்தவருக்கு அது சாக்காக முடியாது. ‘எல்லாம் விதி’ என்பது ஒரே வாக்கியம்தான் என்றாலும், பிள்ளையை இழந்த தாயின் வாயில் அதற்கு ஓர் அறமும் நிர்வாகத்தின் வாயில் வேறோர் அறமும் உண்டு.

இந்த வேறுபாட்டை நம் கால விபத்துகளிலும் பார்க்கலாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். 2017 செப்டம்பர் 7 அன்று சோமனூர் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து, பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் மடிந்தனர். பின்னது தீ விபத்து அல்ல. ஆனாலும் அந்த நேரத்தில் அங்கே நின்றது யார் என்பதைத்தான் ஊழுக்கு விடலாம். கூரை ஏன் விழுந்தது என்பது பொறியாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

ஆய்வகத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. கும்பகோணத்துக் குழந்தை எதையும் செய்யவில்லை. ஆராய்ச்சி மாணவரோ செய்பவராகவும் இழப்பவராகவும் இருக்கிறார். 2009 டிசம்பர் 29 அன்று மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வேதியியல் ஆய்வகத்தில் ஏற்பட்ட தீயில் இளம் ஆய்வாளர்கள் இருவர் இறந்தனர். 2018 டிசம்பர் 5 அன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வகத்தில் நடந்த வெடிப்பில் ஆராய்ச்சியாளர் ஒருவர் இறந்தார். இத்தகைய நேரங்களில் இறந்தவரின் கைத்தவறைப் பேசுவது எளிது, ஏனென்றால் அவர் மறுத்துப் பேசப்போவதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2008 டிசம்பர் 29 அன்று, காற்றுப் பட்டாலே எரியும் திரவத்தை ஊசிக்குழலில் எடுத்த 23 வயது ஆய்வு உதவியாளரின் உடையில் தீப்பற்றியது. ஆய்வகக் கோட்டு அணியாதிருந்த அவர் 18 நாள் கழித்து இறந்தார். கோட்டு அணியாதது அவர் பிழை என்று விட்டுவிடலாமா? அந்த ஆய்வகத்தில் யாரும் கோட்டு அணிவதில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சோதனையே குறித்திருந்தது; குறை சரிசெய்யப்படவில்லை. 2011 இறுதியில் பல்கலைக்கழகத்தின் மீதும் பேராசிரியர் மீதும் குற்றவழக்கு பதிவானது. அன்று ஆய்வகம் இயங்கிய நிலைமைகளுக்குத் தானே பொறுப்பு என்று 2012 ஜூலையில் பல்கலைக்கழகம் எழுதி ஒப்புக்கொண்டது. பேராசிரியர் மீதான வழக்கு தண்டனைத் தீர்ப்பு இல்லாமல், சமூகப் பணியும் 10,000 டாலர் தொகையும் கொண்ட ஒப்பந்தத்துக்கு 2014இல் வந்தது.