பயன் துறக்க வேண்டியவர் யார்?

பயன் கருதாது கடமையாற்றுதல் பகவத் கீதையின் தலையாய போதனைகளுள் ஒன்று. இன்றைய நிறுவனங்களின் நிர்வாகப் பயிற்சிகளிலும் அது விரும்பி எடுத்துரைக்கப்படுகின்றது. கேட்போருள் பலர் சம்பளத்திற்கு உழைப்போர். ஊதிய உயர்வு கேளாதிருப்பதே கர்மயோகம் என அவர்கள் எண்ணும்படி செய்தல் அறமாகுமா?

கண்ணனிடம் அதனைக் கேட்டவன் அருச்சுனன். வில்லும் படையும் உடைய அரசகுமாரன். அதிகாரம் உடையவனுக்கு விதித்த கட்டுப்பாடு அது.

1918ஆம் ஆண்டு அகமதாபாத் ஆலை முதலாளிகள், கொள்ளைநோய்க் காலத்தில் வழங்கிய கூடுதல் படியை நிறுத்தினர். விலைவாசியோ ஏறியிருந்தது. நெசவாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20க்கு மேல் இசையவில்லை. கீதையை வழிகாட்டியாகக் கொண்ட காந்தியடிகள், கூலியைத் துறக்குமாறு தொழிலாளருக்கு உபதேசிக்கவில்லை. 35 விழுக்காடு நியாயம் எனக் கண்டு வேலை நிறுத்தத்தை வழிநடத்தினார்; அவர்கள் தளர்ந்தபோது தாமே உண்ணாநோன்பு மேற்கொண்டார். முதலாளிகளுள் முதல்வர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவரோ அவருடைய தமக்கை அனசுயா! மூன்றாம் நாள் உடன்பாடு ஏற்பட்டு, வழக்கு நடுவரிடம் சென்றது. 35 விழுக்காடே தீர்ப்பாயிற்று. ஆயினும், தம் நோன்பு நண்பர்களாகிய முதலாளிகளை நெருக்கியது ஒரு குறையே என்று அடிகள் தம் சுயசரிதையில் எழுதினார். வென்ற பின்னரும் தம் வழியைச் சோதித்துப் பார்க்கும் அந்த உள்ளம் நிர்வாகிகளிடம் அரிது.

பின்னாளில் அவர் வலியுறுத்திய தருமகர்த்தாக் கொள்கையும் செல்வரை நோக்கியதே. தேவைக்கு மேற்பட்ட பொருளைத் தமதென்று கொள்ளாது, பொதுநலனுக்குரியதாகக் காக்குமாறு அது பணித்தது. கர்மயோகப் பாடம் முதற்கண் நடத்தப்பட வேண்டிய இடம், இலாபத்தைப் பங்கிடும் இயக்குநர் அவையே.