கேட்போர் வரும்வரை

சிராவகர் என்னும் சொல்லுக்குக் கேட்பவர் என்பது பொருள். இல்லறத்தாராகிய நமக்கு அறநூல்கள் இட்ட பெயர் இது. ஈட்டுபவர் என்றோ வழிபடுபவர் என்றோ கூறாமல் கேட்பவர் என்றே குறித்தனர். அப்படியானால், சொல்பவர் ஓரூரிலும் கேட்பவர் வேறோர் ஊரிலும் இருக்க, இடையே ஒரு கண்ணாடித் திரை மட்டும் நிற்கும் இக்காலத்தில் கேட்டல் என்பது யாது? கேட்கச் செய்யும் பொறுப்பு யாருடையது? இவ்வினா நமக்கு ஏட்டைப் படித்து எழுந்ததன்று. வெட்கப்பட நேர்ந்த ஒரு மாலைப்பொழுதில் எழுந்தது.

2020 மார்ச்சுத் திங்களின் இறுதியில் ஊரடங்கு வந்து ஜினாலயங்களின் கதவுகள் அடைபட்டதை யாவரும் அறிவர். மதுரையில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் சிலவே. உறவினரில் பெரும்பாலோர் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் இருக்கின்றனர். பிள்ளைகளோ பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் தசலக்ஷண நாள்கள் வந்தபோது, நம் இளைஞர் சிலர் ஜூம் செயலி வழியாக நாளுக்கோர் அறத்தைப் பற்றிய சொற்பொழிவுக்கு ஏற்பாடு செய்தனர். முதல் நாளுக்குரிய உத்தம க்ஷமை, அதாவது உயர்ந்த பொறுமை, நம் பங்காக வந்தது. ஆசிரியப் பயிற்சி மாணவியருக்குப் பல்லாண்டு பாடம் நடத்திய துணிவில் ஒப்புக்கொண்டோம்.

ஒரு மணி நேரம் பேசினோம். பேச்சு நன்றாகவே அமைந்ததாக எண்ணம். முடிவில், ஐயம் உள்ளவர் கேட்கலாம் என்றபோது ஓர் ஓசையும் இல்லை. பேத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி, லைன் கட்டாகி இருபது நிமிஷம் ஆச்சு. யாருமே இல்லை" என்றாள்.

வீட்டார் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆனால் இரவில் உறக்கம் வரவில்லை. இணைப்பு அறுந்தது நம் குற்றமன்று. கேட்போர் இருந்த நாற்பது நிமிடத்திலும், இல்லாத இருபது நிமிடத்திலும் நம் பேச்சு ஒரு சிறிதும் வேறுபடவில்லை என்பதே உறுத்தியது. எனில், தொடக்கத்திலிருந்தே அவர்கள் நமக்கு இல்லாதவர்களாகத்தான் இருந்திருக்கின்றனர். பொறுமையைப் பற்றிப் பேசியவர் ஒரு கணமேனும் நின்று, எதிரில் எவரேனும் இருக்கின்றனரா என்று பார்க்கவில்லை.

அன்றிரவு நினைவுக்கு வந்தது வர்த்தமானப் பெருமானின் வரலாறு. கேவல ஞானம் எய்திய பின்னும் 66 நாள்கள் பெருமானிடமிருந்து திவ்யத்தொனி எழவில்லை என்பது நம் திகம்பர மரபு. சமவசரணம் அமைந்திருந்தது. தேவரும் மாந்தரும் விலங்குகளும் பன்னிரண்டு அவைகளில் தத்தமக்குரிய இடத்தில் அமர்ந்திருந்தனர். குறை ஒன்றே: அவ்வுரையை ஏற்று விளக்கவல்ல கணதரர் இன்னும் வரவில்லை. இந்திரபூதி கௌதமர் வந்து சேர்ந்த பின்னரே, ராஜகிருகத்து விபுலமலையில், சிராவணத் தேய்பிறையின் முதல் நாளில் உரை எழுந்தது. அந்நாளை வீரசாசன ஜயந்தி என்று இன்றும் கொண்டாடுகிறோம்.

சிறு வயதில் இதைக் கேட்டபோது கணதரரின் பெருமையைச் சொல்லும் கதை என்றே கொண்டோம். இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. முற்றும் உணர்ந்தவரே கேட்பவர் ஒருவர் வரும்வரை காத்திருந்தார். வந்தவரும் புகழ வந்தவரல்லர். தம் கல்வியில் செருக்கும் நெஞ்சில் ஐயமும் கொண்டு, வாதிட வந்தவர். சமவசரணத்தில் பெருமானின் திருமுகம் நாற்றிசையிலும் தெரியும் என்றும், அவர் உரை ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் மொழியில் விளங்கும் என்றும் நூல்கள் கூறுகின்றன. நம் கணினிப் பொறியாளர்கள் முயல்வதும் ஏறக்குறைய இதைத்தான்! முகம் எத்திசைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. காத்திருத்தல்தான் இன்னும் வந்து சேரவில்லை.

மறுவாரம் இளைஞர்கள் கூடி ஆராய்ந்தனர். நாற்பத்தேழு பேர் தொடங்கி, முடிவில் பதினொருவர் எஞ்சும் நிலையை மாற்ற வேண்டும் என்றனர். வினாடி வினா, பரிசு, இடையிடையே இசை, ஓடும் படங்கள் எனப் பல கூறினர். எவரும் விலகாதபடி பிடித்து வைக்க வேண்டும் என்றார் ஒருவர். அந்தப் பிடித்து வைத்தல் என்னும் சொல் நமக்கு இசையவில்லை. பிறர் பொருளைக் கவர்வது குற்றமெனில், பிறர் மனத்தைத் தூண்டில் இட்டுக் கவர்வது மட்டும் எப்படி அறமாகும்? பரிசுக்காக அமர்ந்திருக்கும் சிறுவன் பரிசைக் கேட்கிறானேயன்றி அறத்தைக் கேட்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, வறண்ட பேச்சுக்கு நியாயம் தேடுவதும் தவறு. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அடிப்படையாக வைக்கிறது. அது உயிர்க்கேட்டைப் பற்றியது. பிறருடைய பொழுதுக்கும் அதை நீட்டுவது நம் துணிபு. நாற்பத்தேழு பேரை வரவழைத்து, அவர்கள் யார், எந்நிலையில் அமர்ந்திருக்கின்றனர் என்று அறியாமல் ஒரு மணி நேரம் பேசுவதும் விழிப்பின்மையே. நிகழ்ச்சியை மாலை ஐந்தரை மணிக்கு வைத்திருந்தோம். கதிரவன் மறையுமுன் உண்ண வேண்டிய நம் இல்லங்களில் அந்நேரத்தில் பெண்கள் எங்கே இருப்பர்? அடுப்படியில். பெண்ணாகப் பிறந்தும், சமைத்து முதிர்ந்தும், இது நமக்குத் தோன்றாமல் போயிற்று. விலகிச் சென்ற முப்பத்தாறு பேரில் எத்தனை பேர் அறத்தில் ஆர்வமற்றவர், எத்தனை பேர் தோசைக்கல்லின் முன் நின்றவர் என்று எண்ணிக்கை சொல்லுமா?

ஆசிரியப் பயிற்சியில் வினாக் கேட்கும் முறை என்று ஒன்று கற்பிப்பதுண்டு. முதலில் வினாவை வகுப்பு முழுவதற்கும் விடுக்க வேண்டும். பின்பு சற்று நிறுத்த வேண்டும். அதன் பின்னரே ஒருவரைப் பெயர் சொல்லி எழுப்ப வேண்டும். பெயரை முதலில் சொன்னால் மற்றவர் சிந்திப்பதை விட்டுவிடுவர். இம்மூன்றில் மாணவியருக்குக் கடினமானது நடுவில் உள்ள நிறுத்தமே. அமைதியை அவர்களால் தாங்க முடியாது. தாமே விடையைச் சொல்லிவிடுவர். நோட்டில் அதைச் சிவப்பு மையால் சுழித்துக் குறை எழுதிய கை நம்முடையது. திரையின் முன் நாமும் அந்த மாணவியராகவே ஆனோம்.

தொலைவிலிருந்து கற்பித்தல் மதுரைக்குப் புதிதன்று. நம் காமராசர் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வி நடத்திய காலத்தில் பாடங்கள் உறையில் வந்தன. ஆயினும் நேர்முக வகுப்பு என்று ஒன்றை வைத்தனர். அதற்கென்று வேலைக்கு விடுப்பு எடுத்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்த பின்புதான் உறையில் வந்த தாள்களைப் பிரித்துப் படித்தனர் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அண்மையிலும் அதே பாடம். தமிழக அரசு 2019 இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. பள்ளிகள் மூடிக் கிடந்த நாள்களில் அது பேருதவி. எனினும் 2021 இல் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டம் வேண்டியிருந்தது. தெருவிலேயே உள்ள ஒரு தன்னார்வலர், ஏறத்தாழ இருபது பிள்ளைகளைச் சேர்த்து அமர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து வரும் குரலுக்கு அருகில் ஓர் ஆள் தேவைப்படுகிறது.

ஊரடங்கு தளர்ந்த பின் ஒரு காலையில், மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியை ஒட்டிய சமணமலைக்குச் சென்றோம். முழங்கால் ஒத்துழைக்காததால் பேச்சிப்பள்ளம் வரை ஏற நெடுநேரம் ஆயிற்று. அங்கே பாறையில் வரிசையாக உள்ள திருமேனிகளின் கீழ் வட்டெழுத்தில், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் உள்ளன. ஆசிரியர் இன்னார், அவருடைய மாணாக்கர் இன்னார் என்று விளங்கும்படி பொறித்திருக்கின்றனர். அச்சணந்தி அடிகளின் தாயார் குணமதியார் பெயரும் அவற்றுள் ஒன்று. மாங்குளத்து மலையில் அதனினும் பழைய, 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துகளில், கணிநந்தன் என்னும் துறவிக்காகப் பள்ளி அமைத்தவர்களின் பெயர்கள் உள்ளன. அரசன் நெடுஞ்செழியனின் பணியாளும் உறவினரும் மட்டுமல்லர். வெள்ளறை ஊரின் நிகமத்தாரும் அங்கு இடம் பெற்றுள்ளனர். சொன்னவருக்கு அருகிலேயே கேட்டவருக்கும் கல்லில் இடம் இருந்தது. நம் திரையிலோ நாற்பத்தேழு என்ற எண் மட்டுமே இருந்தது.

அதன்பின் நம் கூட்டத்தைச் சிறிதாக்கினோம். பன்னிரண்டு குடும்பங்கள், ஞாயிறு முற்பகல் பதினொரு மணி, அமெரிக்காவில் உள்ளோர் அவர்கள் இரவில் விழித்திருக்க ஒப்பினர். இருபது நிமிடத்துக்கு மேல் எவரும் பேசுவதில்லை. அன்றைய வினாவை இரண்டு நாள் முன்னரே தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம். முதியோர் அருகில் பேரனோ மருமகளோ அமர வேண்டும். வினாவை விடுத்த பின் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறப்பதில்லை. முதல் சில வாரங்களில் இந்தப் பத்து எண்ணுவது ஒரு நோன்பாகவே இருந்தது. வினாடி வினாவையும் அடியோடு விலக்கவில்லை; பிள்ளைகளே வினாவை ஆக்கிப் பெரியோரைக் கேட்கும்படி மாற்றினோம். பெரியோர் திணறுவதைக் காணப் பிள்ளைகள் தாமாகவே வருகின்றனர். இதிலும் சிறிது தூண்டில் இருக்கிறதோ என்று ஐயப்படுகிறோம். ஆனாலும் விட மனமில்லை.

சென்ற க்ஷமாவணி நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடம் பொறுத்தருளுமாறு கேட்பது நமக்குக் கடினம் என்பதே வினா. பத்து எண்ணினோம். பின்பு, வந்தவாசிக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கும் எண்பது வயது கடந்த அம்மையார் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தோம். அதுவரை ஒருநாளும் பேசாதவர். பேரன் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். அவர் நெடுநேரம் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "டீச்சரம்மா, நான் மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆள் செத்துப் போயி நாப்பது வருஷம் ஆச்சு. எல்லா உயிர்கிட்டயும் கேக்கறோமே, அதுல அவளும் இருப்பாளா?" என்றார்.

நம்மிடம் விடை இல்லை. சொல்லியிருக்கலாம், நூலில் தேடினால் ஏதேனும் கிடைத்திருக்கும். பத்து எண்ணியும் வாய் வரவில்லை. திரையில் இருந்த பன்னிரண்டு கட்டங்களில் ஒன்றும் மறையவில்லை. சிங்கப்பூரில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு அவ்வினாவிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்து, அன்று அத்துடன் கலைந்தோம்.