பூண்டியில் கேட்ட கேள்வி

சுந்தரமூர்த்தி நாயனார் வழிப்பறிக்கு ஆளானது நம் திருமுருகன்பூண்டியில்தான். திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில், பனியன் கம்பெனிகளும் கல்சிற்பக் கூடங்களும் நிறைந்து கிடக்கிற அதே பூண்டி. கொடுங்கோளூரில் நண்பர் சேரமான் பெருமாளோடு தங்கியிருந்துவிட்டு, அவர் மனமுவந்து கொடுத்த பொன்னும் மணியும் ஆடைகளும் ஆட்கள் தலையில் வர, சுந்தரர் திருவாரூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கொங்கு நாட்டுக் காட்டுவழி. வேடர்கள் மறித்தார்கள். அத்தனையையும் பறித்துக்கொண்டு போனார்கள். சுந்தரர்மேல் மட்டும் கை வைக்கவில்லை. வேடராக வந்தவை சிவபெருமான் அனுப்பிய பூதகணங்கள் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார்.

பறிகொடுத்தவர் நேரே கோயிலுக்குப் போனார். அங்கே அவர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. படித்தால் துதி மாதிரியே இருக்காது. வழியில் போகிறவர்களை மிரட்டி அடித்துத் துணியைக்கூடப் பிடுங்குகிற இந்த ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். கோபம்தான், மனத்தாங்கல்தான். பாடி முடித்தபோது பறித்த மூட்டைகள் எல்லாம் கோயில் வாசலில் வந்து குவிந்தன.

மூட்டைகள் திரும்பியதைத்தான் எல்லோரும் அதிசயமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. கேட்காது என்று நினைக்கிற காதில் போய் யாரும் முறையிடமாட்டார்கள். நீதி கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறவனுக்குத்தான் அந்த வாசலில் நின்று அப்படிக் குரலை உயர்த்த முடியும். சுந்தரரை ‘தம்பிரான் தோழர்’ என்று அழைப்பது சும்மா இல்லை.

நம் காலத்தில் திருப்பூருக்கும் ஒரு பறிப்பு வந்தது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள்மேல் அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதத்தைத் தொட்டது. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பையர் ஆர்டரை நிறுத்தி வைத்தால் அது கட்டிங் மாஸ்டரோடு நிற்பதில்லை. ஓவர்லாக் டெய்லர், கைமடிக்கும் பெண், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஜாப் ஒர்க் வாங்கி வீட்டில் நாலு மெஷின் போட்டிருப்பவர், நிட்டிங் கம்பெனி, சாயப்பட்டறை, வேன் ஓட்டுகிறவர் என்று இறங்கி, கடைசியில் லைன் வீட்டு வாடகையில் போய் முட்டும். இந்த ஊருக்குச் சனிக்கிழமைதான் சம்பள நாள். ‘ஒன்றரை ஷிப்ட்’ கிடைத்த வாரத்தில் சீட்டும் கட்டி, ஊருக்கும் பணம் அனுப்பிவிடலாம். வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றால் எதை விடுவது? மளிகைக் கடன், பிள்ளையின் பள்ளிக்கட்டணம், மாத்திரை. இதற்குமுன் 2016-இல் பணமதிப்பிழப்பு, 2017-இல் ஜிஎஸ்டி, 2020-இல் ஊரடங்கு, அப்புறம் நூல் விலை ஏற்றம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்ததையெல்லாம் தாண்டி வந்தவர்கள்தான் இவர்கள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட வாரத்தில், ‘சாமியை நம்புகிறவர்கள் கவலைப்படக் கூடாது’ என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கோ பணமும் இல்லை, பக்தியும் இல்லை என்று இரண்டு குறையாகிவிடுகிறது. பூண்டிக் கோயில் வாசலில் நின்ற சுந்தரரிடம் இதைச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? சாம்பலில் உட்கார்ந்து இறைவனிடமே வழக்காடிய யோபுவைக் கிறிஸ்தவ நண்பர்கள் அறிவார்கள். மகனைப் பிரிந்து அழுது கண்கள் வெளுத்துப்போன யாகூப் நபி, தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னதைத் திருக்குர்ஆன் பதிவு செய்திருக்கிறது. அவர்கள் யாருடைய கண்ணீரும் நம்பிக்கைக் குறைவாக எண்ணப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்த கஷ்டம் எல்லாவற்றையும் கடவுளின் சோதனை என்று எழுதிவிட முடியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தன. ஆனால் அதற்குமுன் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கழிவை விட்டது நாம்தான். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டன. அவர்களும் அப்போது கடவுளிடம் முறையிட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

நாமே வரவழைத்துக்கொண்ட துன்பத்தில் கடவுள் நம்மோடு நிற்பாரா? இதற்கும் சுந்தரரின் வாழ்க்கையில்தான் போய்ப் பார்க்கிறேன். பூண்டிக்கு வருவதற்கு முன்பே அவருக்குப் பெரிய இழப்பு ஒன்று நேர்ந்திருந்தது. திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. தப்பு அவருடையது. அப்போதும் அவர் பாடுவதை விடவில்லை. திருவெண்பாக்கத்தில் கண்ணைக் கேட்டுப் பாடினார். கண் வரவில்லை. ஓர் ஊன்றுகோல் கிடைத்தது, அவ்வளவுதான். அவருக்கு அது போதவே இல்லை. மேலும் பாடிக் குறைப்பட்டார். ஆனால் அந்தக் கோலை ஊன்றித்தான் காஞ்சிபுரம் வரை போனார். அங்கே ஏகம்பம் கோயிலில் இடக்கண் கிடைத்தது. வலக்கண் திருவாரூரில்.

பட்டறைகள் மூடிய பிறகு திருப்பூரும் அப்படித்தான் மெல்ல நடந்தது. சாயக்கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து, அதே தண்ணீரை மறுபடி பட்டறைக்கே எடுத்துக்கொள்ளும் முறையைக் கட்டாயத்தின் பேரில் கற்றுக்கொண்டது. செலவு கழுத்தை நெரித்தது. திறக்க முடியாமலே போன பட்டறைகளும் உண்டு. அந்தக் குடும்பங்களின் வலியைக் கதை சொல்லி ஆற்ற முடியாது. ஆனாலும் ஊர் எழுந்தது.

மூட்டை முழுசாகத் திரும்பி வந்த பூண்டிப் பதிகத்தோடு, கோல் மட்டும் கிடைத்த வெண்பாக்கப் பதிகத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். கடவுள் கைவிடுவதில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் அவர் கொடுப்பது பல வாரங்களில் ஊன்றுகோல் அளவுக்குத்தான் இருக்கிறது. ஏற்றுமதி இல்லாத மாதத்தில் உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டைக்குத் தைக்கக் கிடைக்கிற சின்ன ஆர்டர். வாடகையை அடுத்த மாதம் சேர்த்துக் கொடுங்கள் என்கிற வீட்டுக்காரம்மா. எதிர் வீட்டு அக்கா கேட்காமலே கொடுத்துவிட்டுப் போகிற இரண்டு படி அரிசி. இதை வாங்கிக்கொண்டே, கேட்டது இது இல்லை என்றும் கடவுளிடம் சொல்லலாம். சுந்தரரும் அப்படித்தான் சொன்னார்.

இன்று வேலை முடிந்து வந்ததும், மனதை இறுக்குவது எதுவோ அதைப் பூசி மெழுகாமல் கடவுளிடம் சொல்லுங்கள். எத்தனை தவணை பாக்கி, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று கணக்கோடு சொல்லுங்கள். வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிற கடன் ஏதாவது இருந்தால், அதிலிருந்தே தொடங்குங்கள்.